சும்மா இருப்பவர் யார்?

பட்டமளிப்பு விழாவுக்குப் பின்னர் நமது ஊர்களிலே பல வீடுகளின் விறாந்தைச் சுவரிற் புதிய படமொன்று ஏறுவதைக் காண்கிறோம். அங்கி தரித்து, கையிலே சுருட்டிய தாளோடு நிற்கும் மகனின் அல்லது மகளின் படம் அது. வருவோர் போவோர் யாவரும் அதனைப் பார்த்து மகிழ்கின்றனர், பெற்றோரைப் பாராட்டுகின்றனர். ஆறு மாதம் கழிகிறது. அதே படத்தைப் பார்த்தவாறு வருகிறவர் கேட்கும் கேள்வி வேறாகிவிடுகிறது. "பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்கின்றனர். இரண்டாம் ஆண்டில் அந்தக் கேள்வியையும் எவரும் கேட்பதில்லை. கேளாமல் விடுவதே தாட்சணியம் என்று கருதுகின்றனர். படத்தின் கண்ணாடியிலே தூசி படிகிறது.

கல்வி வாழ்விலிருந்து தொழில் வாழ்வுக்குச் செல்லும் வழி நமது நாட்டில், சிறப்பாகத் தமிழ் மக்கள் வாழும் பிரதேசங்களில், எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதை இக்காட்சி ஒன்றே உணர்த்தப் போதுமானது. வழி என்று நாம் சொல்வது பெரும்பாலும் காத்திருப்பாகவே முடிகிறது. இதனைப் பற்றி ஆசிரியரும் மாணாக்கரும் பெற்றோரும் ஒருங்கே சிந்திக்க வேண்டும் என்ற எண்ணத்தை நம்முள் வலுப்படுத்திய சம்பவம் ஒன்றை முதலிற் கூறுவோம்.

அண்மையில் கட்டடப் பொருள் விற்கும் கடையொன்றுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே காசு வாங்கும் மேசையில் இருந்த இளம்பெண் நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். மாணவப் பருவத்தில் இந்தப் பக்கத்துக்குக் கவிதைகளும் நூல் மதிப்புரைகள் இரண்டொன்றும் எழுதியவர். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று நல்ல சித்தியும் பெற்றவர். "இப்ப என்ன பிள்ளை செய்யிறீர்?" என்று கேட்டோம். "சும்மாதான் இருக்கிறன் ஐயா. நியமனம் வருமட்டும் இதிலை வந்து நிக்கிறன்" என்றார். அப்பொழுதும் அவருடைய கை கணக்குப் புத்தகத்தின் மேலேதான் இருந்தது.

கடை முதலாளியோடு உரையாடியபோது விஷயம் விளங்கிற்று. அவர் அங்கு வந்து மூன்று ஆண்டாகிறது. அவர் வருமுன்னர் மேசன்மாருக்குக் கொடுத்த கடன் எல்லாம் ஒரே கொப்பியில் நாள் வரிசைப்படி எழுதப்பட்டிருந்தது. எவர் எவ்வளவு தரவேண்டும் என்பதை ஆண்டு முடிவிலும் திட்டமாகச் சொல்ல இயலாதாம். அந்தப் பெண் ஆளுக்கொரு பக்கம் வகுத்து எழுதினார். சீமெந்து எப்பொழுது தீரும் என்பதை முன்கூட்டியே அறிய ஓர் ஏடு வைத்தார். கொழும்பிலுள்ள மொத்த வியாபாரிகளுக்குச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டார். "இவ இல்லாட்டி எனக்குக் கடையே நடவாது" என்று முதலாளி சொன்னார். ஆயின், நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டபோது அவர் வியப்புடன் நம்மைப் பார்த்தார். "அவ எப்ப வேணுமெண்டாலும் போயிடுவா. தற்காலிகமாய்த்தானே நிக்கிறா?" என்றார்.

மூன்று ஆண்டு உழைத்த ஒருவர் தாம் சும்மா இருப்பதாகச் சொல்கிறார். அவ்வுழைப்பாற் பயன் பெற்றவரும் அதனைத் தற்காலிகம் என்கிறார். அரசாங்க நியமனத்தையே தொழில் என்று எண்ணியதனால், அந்தப் பெண் கடை வேலையைத் தொழிலென்று ஒப்புக்கொள்ள நாணுகிறார். அவர் ஒப்புக்கொள்ளாதபடியால் அதற்குரிய உரிமைகளைக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. அவர் கேளாதபடியால் முதலாளியும் கொடுக்கவில்லை. நாணம் ஒருவருடையது, இலாபம் மற்றொருவருடையது. இப்படிச் சும்மா இருப்போர் நமது பட்டினங்களிலே எத்தனை பேர்! தனியார் வகுப்பிற் பாடம் சொல்வோர், அச்சகத்தில் எழுத்துப் பிழை திருத்துவோர், மருந்துக்கடையிற் பதிவு எழுதுவோர், தந்தையின் தோட்டத்தில் நீர் இறைப்போர் ஆகிய பலரும் தம்மை வேலையற்றோர் என்றே அறிமுகம் செய்கின்றனர்.

இந்த மனநிலை இளைஞர் தாமாகவே உண்டாக்கிக் கொண்டதன்று. அது ஒரு நீண்ட சரித்திரத்தின் விளைவு. 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனாரிமார் செமினரியைத் தொடங்கிய காலந்தொட்டு, யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்விக்கும் உத்தியோகத்துக்கும் இடையே ஒரு நேர்ப்பாதை அமைந்தது. ஆங்கிலம் கற்றவனுக்குக் கச்சேரியிலோ கந்தோரிலோ ஓர் ஆசனம் காத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயா நாட்டின் புகையிரதப் பகுதியும் நில அளவைப் பகுதியும் நம்மவரை அழைத்தன. அங்கிருந்து வந்த மணியோடர் இங்கே கல்வீடு கட்டிற்று, கோயில் கட்டிற்று, அடுத்த தலைமுறையின் பள்ளிக் கட்டணத்தையும் செலுத்திற்று. மலாயன் பென்சனியர் ஊரின் பெரியவரானார். 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்ற பழமொழி நமக்கு ஊர் வாழ்வின் சட்டமாயிற்று. படித்தவன் என்றால் உத்தியோகத்தன். உத்தியோகம் என்றால் மாதச் சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும்.

மலட்டு மண்ணோடு போராடிய ஒரு சமுதாயம் அவ்வழியைத் தேர்ந்ததிற் குற்றம் காண்பதற்கில்லை. ஆயின், வழியின் அகலம் மாறியதை நாம் கவனிக்கவில்லை. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதிற் கற்றோர் தொகை ஆயிரத்துக்கும் குறைவு. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா அவர்களின் அந்தத் திட்டம் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கல்விக் கதவைத் திறந்தது. தாய்மொழி மூலம் உயர்கல்வி விரிந்ததும் 1960களிற் கலைப் பட்டதாரிகள் தொகை பன்மடங்காயிற்று. கல்விக் கூடத்தின் வாசலை அகலத் திறந்தோம், அது நல்லது. கந்தோரின் வாசல் மாத்திரம் முன்பிருந்த அளவினதாகவே இருந்தது.

1971 ஏப்ரலில் தென்னிலங்கையில் வெடித்த இளைஞர் கிளர்ச்சி இதனை முழு நாட்டுக்கும் அறிவித்தது. அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் என்னும் பொருளியல் அறிஞரின் தலைமையிற் சர்வதேச தொழில் தாபனத்தின் குழுவொன்று இலங்கை நிலைமையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. வேலை வாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்வது எவ்வாறு என்பதே அவ்வறிக்கையின் பொருள். பின்னர் 1990 இல் அறிக்கையளித்த இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழுவும், நியமனங்களில் அரசியற் செல்வாக்குப் புகுவது இளைஞரின் மனக்கசப்புக்குப் பெருங்காரணம் என எடுத்துக்காட்டியது. தமிழ் இளைஞருக்கோ 1970களின் தரப்படுத்தலும் அதன்பின் வந்த நெடும்போரும் இச்சுமையின் மேல் ஏறிய வேறு சுமைகள். போர் 2009 இல் ஓய்ந்தது, காத்திருப்பு ஓயவில்லை. 2017 இன் முற்பகுதியில் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பட்டதாரிகள் வெயிலிலும் மழையிலும் வீதியோரத்தில் மாதக்கணக்காக அமர்ந்திருந்தமை வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

அரசாங்க வேலையை நம்பாதீர்கள், சொந்தக் காலில் நில்லுங்கள் என்று அவ்விளைஞருக்கு உபதேசம் செய்வோர் பலர். அந்த உபதேசத்தில் நாம் சேரமாட்டோம். உபதேசிப்போருட் பலர் தாம் அரசாங்க ஓய்வூதியம் பெறுவோர் என்பது ஒருபுறம் இருக்க, இளைஞர் கேட்பதில் நியாயம் உண்டு. வன்னியிலும் மலையகத்திலும் ஆசிரியர் இல்லாத வகுப்புகள் இருக்கின்றன. தமிழிலே கடிதம் எழுதினால் தமிழில் மறுமொழி கிடையாத அரசாங்கக் காரியாலயங்கள் இருக்கின்றன. தமிழ் 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் அரச கரும மொழியாயிற்று. எனினும் மொழிபெயர்ப்பாளர் போதவில்லை. ஒருபுறம் செய்ய வேண்டிய வேலை. மறுபுறம் வேலை செய்யத்தக்க ஆள். இடையில் இருப்பது என்ன?

இடையில் இருக்க வேண்டியது ஒரு பாலம். அது இல்லை என்பதே நமது கருத்து. சிறிது சிந்தித்துப் பார்த்தால், நமது சமுதாயத்தில் எந்தத் தொழிலும் பாலமின்றி இருந்ததில்லை என்பது புலப்படும். பொற்கொல்லனின் மகன் பட்டறையிற் கரி ஊதித் தொடங்குகிறான். கடற்றொழிலாளியின் மகன் முதலிற் கரையிலே வலை உலர்த்துகிறான். பின்னரே தோணியில் ஏறுகிறான். கிழக்கிலங்கை முஸ்லிம் வணிகரின் பிள்ளை பள்ளி விட்டு வந்து தந்தையின் கடையிலே துணி மடித்துப் பழகுகிறான். புதிய தொழில்களிலும் அவ்வாறே. வைத்திய மாணவர் பட்டம் பெற்றதும் ஓராண்டு வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி பெறுகிறார். சட்டம் கற்றவர் மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதம் தொழில் பழகுகிறார். தேசிய கல்வியியற் கல்லூரிக்குச் செல்வோர் இரண்டாண்டு அங்கே கற்று, மூன்றாம் ஆண்டைப் பாடசாலையிலே பயிற்சியாகக் கழிக்கின்றனர். வழிகாட்ட ஒருவர் இருக்கிறார். தவறினால் திருத்த ஒருவர் இருக்கிறார். முடியும் நாளும் தெரிந்திருக்கிறது.

கலைப் பட்டதாரிக்கு மாத்திரம் இவற்றுள் ஒன்றும் இல்லை. இறுதிப் பரீட்சையின் கடைசி விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறார். அதன்பின் அவரை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. 2020 இல் அரசாங்கம் பெருந்தொகையான பட்டதாரிகளைப் பயிலுநர் என்ற பெயரில் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் சேர்த்துக்கொண்டது. பெயர் சரியான பெயர்தான். ஆயின் பயிலுநர் என்றால் எதனைப் பயில்வது, யாரிடம் பயில்வது என்ற கேள்விகளுக்கு விடை வேண்டுமல்லவா? மேசையும் இல்லாது வேலையும் இல்லாது, வரவுப் பதிவேட்டிற் கையெழுத்திட்டுவிட்டு மாலையாவதைப் பார்த்திருந்தோம் என்று அவர்களுட் சிலர் நம்மிடம் கூறியிருக்கின்றனர். அது வீட்டுத் திண்ணையிற் காத்திருந்ததைக் கந்தோர் வாங்கிலுக்கு மாற்றியதேயாகும்.

பாலம் ஏன் வேண்டும் என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர். பரீட்சைக்கு ஒரு பாடத்திட்டம் உண்டு; வினாக்கள் அதற்கு வெளியே வாரா. வேலையில் வருகிற வினாவுக்கோ எல்லை இல்லை. காணி உறுதி தொலைந்துவிட்டது என்று அழுதுகொண்டு வரும் முதியவளுக்கு எந்தப் பாடநூலின் எந்த அத்தியாயத்திலிருந்து விடை கொடுப்பது? பரீட்சையில் அயலவனைக் கேட்டு எழுதினாற் குற்றம்; வேலையில் அயலவனைக் கேளாமற் செய்தாற் குற்றம். பரீட்சையிற் பிழை விட்டால் நமது புள்ளி மாத்திரம் குறையும். வேலையிற் பிழை விட்டால் மற்றொருவரின் ஓய்வூதியம் மூன்று மாதம் தாமதிக்கும். பதினாறு பதினேழு ஆண்டுகள் முதல் வகையான வாழ்வைப் பழகியவர் ஒரே நாளில் இரண்டாம் வகைக்கு மாறிவிட வேண்டும் என எதிர்பார்ப்பது பேதைமை. புதிதாக வந்தவர் கேட்க அஞ்சுகிறார். பழையவர் சொல்ல விரும்புவதில்லை. "பட்டதாரிக்கு நாங்கள் என்ன சொல்லிக்குடுக்கிறது?" என்ற ஏளனமும் சில இடங்களிற் கேட்கிறது. பட்டதாரியும் தமது பக்கத்தில், தம்மிலும் குறைந்த கல்வி உடையவரிடம் பாடம் கேட்பது இழுக்கு என நினைத்து விடுகிறார். ஒரு பழைய எழுதுவினைஞர் கோவையை எவ்வாறு கட்ட வேண்டும் என்று காட்டும் வித்தை எந்த விரிவுரை மண்டபத்திலும் கிடையாது என்பதை உணரும் நாளே அவர் தொழிலுக்குள் நுழையும் நாள்.

இந்தப் பாலத்தைக் கட்டும் பொறுப்பு முதலிற் பல்கலைக்கழகங்களைச் சார்ந்தது. யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், பேராதனை, கொழும்பு ஆகிய இடங்களிலுள்ள கலைப் பிரிவுகள் இறுதியாண்டிலே ஒரு பருவத்தையேனும் வெளியே தொழில் பழகுவதற்கு ஒதுக்குதல் வேண்டும். முகாமைத்துவம் பயில்வோருக்கு அவ்வாறான ஏற்பாடு இருக்கையிற் சரித்திரம் பயில்வோருக்கும் தமிழ் பயில்வோருக்கும் ஏன் இருத்தலாகாது? பிரதேச சபை நூலகம், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், பத்திரிகைக் காரியாலயம், வைத்தியசாலையில் நோயாளரின் மொழியை வைத்தியருக்கு எடுத்துச் சொல்லும் இடம், அருங்காட்சியகம், அச்சகம் என எத்தனையோ இடங்கள் நமது கண்முன் உள்ளன. சரித்திர மாணவர் ஒருவர் மூன்று மாதம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளை ஒழுங்கு செய்வாராயின், சங்கத்துக்கும் நன்மை. அவருடைய ஆய்வுக் கட்டுரைக்கும் நன்மை. விரிவுரையாளர் அதற்குப் புள்ளியும் வழங்கலாம். புள்ளி இல்லாததை நமது மாணாக்கர் மதிப்பதில்லை என்பது நாம் அறிந்ததே.

அடுத்த பொறுப்பு தொழில் கொடுப்போருடையது. தற்காலிகம் என்ற சொல்லின் பின்னால் அவர்கள் மறைந்து நிற்றல் தகாது. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி நேரம் என வேலை நேரத்தை வரையறுத்திருக்கிறது. வேலையின் விபரங்களை எழுத்திற் கொடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். தற்காலிக ஊழியருக்கும் இது உரியது. மாதம் 40,000 ரூபா சம்பளம் பெறுகிற ஒருவருக்கு முதலாளி செலுத்த வேண்டிய பங்கு மாதம் 6,000 ரூபா. மூன்றாண்டில் 2,16,000 ரூபா. சும்மா இருக்கிறேன் என்று சொல்லுகிற பிள்ளை ஒவ்வொரு மாதமும் எதனை இழக்கிறது என்பதற்கு இதுவே கணக்கு. இலக்கியப் பக்கத்தில் இதனை எழுதுவானேன் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நன்னூற் சூத்திரத்தைத் தலைகீழாய் ஒப்பிக்கும் மாணவிக்குத் தமது உழைப்பைக் காக்கும் சட்டத்தின் பெயரும் தெரியாதிருப்பது நமது கல்விக்கு அழகாகுமா என்று நாம் அவர்களைக் கேட்கிறோம்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது பெரிதன்று. இத்தனை வெற்றிடம், இன்ன தகுதி, இன்ன மாதத்திற் போட்டிப் பரீட்சை என்று ஆண்டுதோறும் முன்கூட்டியே அறிவித்து, அறிவித்தபடி நடந்தால் அதுவே பேருதவி. ஐந்தாண்டு எவரையும் சேர்க்காது, தேர்தல் அணுகும்போது ஆயிரக்கணக்கில் ஒருமிக்கச் சேர்ப்பது காத்திருப்பை ஒரு தந்திரமாக இளைஞருக்குக் கற்பிக்கிறது. அடுத்த தொகுதியில் நமக்கும் கிடைக்கும் என்று எண்ணிக் கையிலுள்ள வேலையிற் கால் ஊன்றாமல் இருக்கின்றனர். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அரசாங்கத்தின் கை இறுகியிருப்பது எல்லோரும் அறிந்ததே. இல்லையென்றால் இல்லை என்று கூறுதல் வேண்டும். நிச்சயமான இல்லையைத் தாங்கிக்கொண்டு மனிதன் வேறு வழி தேடுவான். நிச்சயமற்ற உண்டு அவனை ஓரிடத்தில் அமர்த்தி வைக்கும்.

இனி வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகன் கடையில் நிற்கிறான் என்று சொல்லப் பெற்றோர் கூசுகின்றனர். மகளுக்கு வரன் பேசும்போது, கடையிற் கணக்கெழுதுகிறாள் என்பதிலும் நியமனத்துக்குக் காத்திருக்கிறாள் என்பது மேலானதாகக் கருதப்படுகிறது. மலையகத்திலே லயத்து வீட்டில் முதன்முதற் பட்டம் பெற்ற பிள்ளைக்கோ இந்தச் சுமை வேறு விதமானது. அவன் ஒருவனின் நியமனத்தை ஒரு லயமே எதிர்பார்த்திருக்கிறது. அதற்கிடையிற் கொழும்பிலே புடைவைக் கடையில் நின்றால், படித்தும் பயனில்லை என்ற பழி கல்வியின் மேலேயே விழுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் படிப்பும் அதனால் நின்றுவிடுவதுண்டு. ஆகவே, நேர்மையாகச் செய்கிற வேலையை வாய்விட்டு மதித்துச் சொல்வது வெறும் உபசாரமன்று. அது ஒரு சமுதாயக் கடமை.

இதில் இலக்கிய அன்பர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பட்டம் பெற்றவுடன் எழுதுவதை நிறுத்திவிடுவோர் தொகை நமக்குத் தெரியும்; கடிதக் கட்டுகள் சாட்சி. நியமனம் கிடைத்ததும் எழுதுவேன் என்கின்றனர். நியமனம் கிடைத்தபின், ஓய்வு கிடைத்ததும் எழுதுவேன் என்பர். நமது இலக்கியம் இவ்விதம் காத்திருந்தவர்களால் வளர்ந்ததன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை உபாத்தியாயராகவும், பத்திரிகாசிரியராகவும், அரசாங்கக் கணக்குப் பகுதி உத்தியோகத்தராகவும், வழக்கறிஞராகவும், நீதிபதியாகவும் தொழில் மாறி மாறிச் செய்தவர். அந்த உழைப்புகளோடு உழைப்பாகவே 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஏடுகளை ஒப்புநோக்கிய கண், கணக்கேடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுமாகும். மஹாகவி அரசாங்க எழுதுவினைஞராய்த் தொடங்கி நிருவாக சேவைக்கு உயர்ந்தவர்; கந்தோர் நாற்காலி அவருடைய கவிதையைக் கெடுக்கவில்லை. க. கைலாசபதி பேராதனையிற் பட்டம் பெற்றபின் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து தினகரனின் ஆசிரியரானார். பின்னரே பேராசிரியரும், 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரும் ஆனார். டொமினிக் ஜீவாவோ பல்கலைக்கழகம் காணாதவர். சிகை அலங்கரிப்பு நிலையத்தில் உழைத்துக்கொண்டே 1966 இல் மல்லிகையைத் தொடங்கினார். இவர்களுள் எவரும் செய்த தொழிலைச் சும்மா என்று சொன்னவரல்லர்.

நமது கதைகளிலே மேசனும், கடைச் சிப்பந்தியும், மருந்துக்கடைப் பெண்ணும் எவ்வளவு அருமையாகத் தோன்றுகின்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காதலும் ஊர்ச் சண்டையும் நிரம்ப உண்டு. வேலை மாத்திரம் இல்லை. ஒரு மனிதன் விழித்திருக்கும் நேரத்திற் பாதியைக் கொள்வது அவன் தொழில். அதனை எழுத வல்லவர்கள் அதனுள்ளேயே இருந்துகொண்டு, இது வாழ்வன்று, வாழ்வு இனிமேல்தான் தொடங்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அதனால் இழப்பு அவர்களுக்கு மாத்திரமன்று, தமிழுக்கும் உண்டு.

பட்டம் பெற்று வெளிவரும் இளைஞருக்கு நாம் கூற விரும்புவது சுருக்கமானது. நியமனத்துக்கு விண்ணப்பியுங்கள், உங்கள் உரிமையைக் கேளுங்கள், வேண்டுமாயின் வீதியில் இருந்தும் கேளுங்கள். ஆயின், இடையிலே செய்கிற வேலையை இடைவேளை என்று எண்ணாதீர்கள். அதனைத் தொழில் என்று பெயர் சொல்லி அழையுங்கள். அதற்குரிய கடிதத்தையும் கூலியையும் சேமலாப நிதியையும் கேட்டு வாங்குங்கள். என்ன கற்றீர்கள் என்பதை எழுதி வையுங்கள். நியமனம் வந்து அங்கே செல்வீர்களாயின், வெறுங்கையோடு செல்லாமல் ஒரு தொழிலறிந்தவராகச் செல்வீர்கள். வாராது போயின், உங்கள் இளமையின் ஆண்டுகள் கணக்கில் வராமற் போய்விட்டன என்ற துயரமேனும் இராது.

அந்தக் கடையை விட்டு வரும்போது நாம் அப்பெண்ணிடம் ஒன்று கேட்டோம். மேசன்மாரின் கடன் கொப்பியை அவர் எவ்வாறு பிரித்து எழுதினார், அதனால் எவருடைய வாழ்வில் என்ன தெரிந்தது என்பதை இந்தப் பக்கத்துக்கு ஒரு கட்டுரையாக எழுதித் தர முடியுமா என்று கேட்டோம். "அது கட்டுரையாகுமோ ஐயா? கடன் கணக்குத்தானே?" என்றார். சிறிது யோசித்துவிட்டு, "ஒரு மேசன் மழைக்காலம் முழுக்கக் கடனிலை நிண்டு, வேலை துவங்கின முதற் கிழமையிலேயே காசைக் கொண்டுவந்து தந்தவர், அவரைப் பற்றி எழுதலாம்" என்றார்.

அந்தக் கட்டுரையை நாம் எதிர்பார்த்திருக்கிறோம். அதன் கீழே அவருடைய பெயரோடு தொழிலையும் குறிப்பிடுவதாயின் என்னவென்று போடுவது என்பதை அவரே தீர்மானித்து எழுதியனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.